கிழக்கே சூலம், மேற்கே நங்கூரம்

கிரீட் தீவின் மேற்கு முனையிலுள்ள ஒரு குடாவில், கடந்த ஆவணி மாதத்துத் திங்கட்கிழமையொன்றின் பின்னேரம், நங்கூரத்தைக் கடற்புல்லின்மேல் இறக்குவதா வெண்மணலின்மேல் இறக்குவதா என்ற பிரச்சினை எழுந்தது. நான்கு பேர் கூடி ஆராய்ந்தார்கள். இரு தரப்பு நியாயங்களும் கேட்கப்பட்டன. இறுதியில் மணல் என்று ஏகமனதாக முடிவாயிற்று. மகனே, அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நீ. நீ அனுப்பிய படங்களில் ஒன்றின் பின்புறத்தில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது: "மணலில் போட்டோம், நல்லாய்ப் பிடிச்சுது." நங்கூரம் அவ்வளவு நன்றாகப் பிடித்தபடியால் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை நீ அங்கேயே இருந்தாய். சனிக்கிழமை ஸ்காபரோவில் உன் தங்கச்சி வதனிக்குக் கலியாணம்.

இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் குசினியில் ஒன்று, அறையில் ஒன்று என்று இரண்டு ரெலிபோன்கள் இருக்கின்றன. நான் உன்னோடு பேசத் தொடங்கினால் மற்றதை அம்மா எடுத்துவிடுவார். அவர் கேட்கக்கூடாத சில விடயங்களும், அவர் கேட்டே ஆகவேண்டிய ஒரு விடயமும் இதில் இருக்கின்றன. அந்த ஒன்றை நீதான் அவருக்குச் சொல்லவேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம். கோபம் ஆறியபிறகு எழுதலாம் என்று சில நாள் பொறுத்துப் பார்த்தேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. எனவே முத்திரை வாங்கிவிட்டேன்.

எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரனுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து இறங்கும்போது தோழனாக நின்று, செம்பில் தண்ணீர் எடுத்து அவருடைய கால்களைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வரவேண்டும். மாப்பிள்ளை பதிலுக்கு ஒரு மோதிரம் போடுவார். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை, வாசலில் நிற்கத் தெரிந்தால் போதும். உன் பெரியப்பாவின் பிள்ளைகள் பாரிஸில் அகதி வழக்கு முடியாமல் இருக்கிறார்கள், அவர்களால் வரமுடியாது. சித்தப்பாவின் மகன் இப்போது இல்லை. ஆகவே இந்தக் கண்டம் முழுவதிலும் வதனிக்குத் தோழன் என்று இருந்தது நீ ஒருவன். நீ பயணத்தைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, கலியாணத்துக்கு முதல் வந்திடுவாய்தானே?" நீ சிரித்தாய். "வராமல்? உன்ரை ஆளின்ரை காலை ஊத்தை போகத் தேய்ச்சுத்தான் விடுவன். வேணுமெண்டா பிறஷும் கொண்டு வாறன்." அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் நல்ல பகிடியாக இருந்தது.

எனக்கு உன் பயணம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. எனக்குப் பிடித்திருந்தது. நான் வேலை செய்யும் கட்டடத்தின் வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் என் மகன் கிரீட் தீவில் யாட் ஓட்டுகிறான் என்று சொன்னேன். பதினொரு வருடமாக எனக்குக் காலை வணக்கம் மட்டும் சொல்லிவந்தவர்கள் முதன்முறையாக நின்று ஒரு கேள்வி கேட்டார்கள்: எத்தனை அடி? முப்பத்தெட்டு என்று சொன்னேன். அதன்பிறகு இரண்டு நாள் நான் கதவைத் திறந்த விதமே வேறு. நூலகத்துக்குப் போய், அந்தக் கடலில் படகோட்டுகிறவர்களுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்றையும் எடுத்துவந்தேன். நல்ல நடை. எழுதியவர் ஒவ்வொரு குடாவுக்கும் எந்தக் காற்று மறையும், அடியில் மணலா கல்லா புல்லா, எப்படி வெளியேறுவது என்று முதலில் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் இடம் மிஞ்சினால் மட்டும் அழகைப் பற்றி ஒரு வரி. வதனிக்கு மாப்பிள்ளை பார்த்த தரகரும் இந்த ஒழுங்கில் பேசியிருந்தால் எங்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான். அங்கே கோடையில் வாடை வீசும். எங்களுக்கு வாடை மார்கழிக் காற்று. கிரேக்கருக்கு அது ஆடி ஆவணிக் காற்று. வானம் நீலமாக இருக்கும், முகில் இராது, காற்று மட்டும் வடக்கிலிருந்து இறங்கும். வந்தால் நாலைந்து நாள் போகாது. ஆகவே நங்கூரம் போடும் இடத்தை இன்றைய தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதே, நாளைய காற்றை நினைத்துத் தெரிவு செய் என்று எழுதியிருக்கிறது. நீயும் அதே புத்தகத்தைத்தான் படகில் வைத்திருந்தாய். உன் படம் ஒன்றில் அதன்மேல் ஒரு பியர்ப் போத்தல் நிற்கிறது.

நீ இடம் தெரிவு செய்யும் முறை எனக்குப் புதிதில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களுக்கு இரண்டு அப்பாட்மென்ற் காட்டினார்கள். ஒன்று மூன்றாம் மாடி, குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி. மற்றது பத்தொன்பதாம் மாடி. உனக்குப் பன்னிரண்டு வயது. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அப்பா, வாவி தெரியுது," என்றாய். விமானம் ஏறிய நாளிலிருந்து நீ வாய்விட்டு ஆசைப்பட்ட முதல் பொருள் அது. நான் கையெழுத்துப் போட்டேன். வாவி தெரிந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் லிஃப்ற் ஓடிய நாளைவிட ஓடாத நாள் அதிகம். அரிசி மூட்டையோடு பத்தொன்பது மாடி ஏறி வந்த அம்மா ஜன்னல் பக்கம் போனதை நான் காணவில்லை. உனக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கும் என்று வதனி உன்னுடைய பள்ளிக்கூடப் பையையும் சேர்த்துத் தூக்கி வருவாள். எட்டு வயது அவளுக்கு. பிறகு வெக்ஸ்போர்ட்டுக்கு மாறியபோது நான் யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இரண்டாம் மாடி, வாசலில் பஸ் தரிப்பு, ஜன்னலைத் திறந்தால் கார் திருத்தும் கடை. அழகு என்று சொல்ல அங்கே ஒரு செடிகூட இல்லை. இரண்டு பேரும் அங்கிருந்துதான் பல்கலைக்கழகம் போனீர்கள்.

இனி கிரீட்டுக்கு வருவோம். நீ வழியில் ரெலிபோனில் சொன்னவற்றை வைத்து, உன் நங்கூரங்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்தேன். முதலாவது, படகை எடுத்த துறைமுகப் பட்டினம். அலைதடுப்புக்குள் கிடந்தீர்கள். பாதுகாப்பானது, சத்தமானது என்கிறது புத்தகம். நீ சத்தத்தை மட்டும் சொன்னாய். அடுத்தது ஒரு சிறுதீவின் மறைவு. வாடை படாது, அடியில் நல்ல மணல், படகு சுழல்வதற்கு இடம் தாராளம். அங்கே வேறு படகுகள் நிறைய நின்றதால் உனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை மாலுமிகள் ஒரே இடத்தில் நிற்பதற்கு ஏதாவது காரணம் இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவில்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாயோ தெரியாது. அதனால் செங்குத்துப் பாறைக்குக் கீழே ஒரு தனிக்குடாவுக்குப் போனீர்கள். மத்தியானம் சொர்க்கம். பொழுதுபட அலை உள்ளே புகுந்து படகு பக்கத்துக்குப் பக்கம் உருண்டதில் ஒருவர் விடியும்வரை சத்தி எடுத்தார். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, மேற்கே ஒரு மீன்பிடித் துறைக்குள் போய்க் கட்டினீர்கள். கொங்கிறீற் அணை, தொங்கவிட்ட பழைய ரயர்கள், டீசல் மணம், ஒரு ரெலிபோன் பெட்டி, விமான நிலையத்துக்குப் போகும் பஸ் நிற்கிற சந்தி. அதைப் பற்றி நீ சொன்னது ஒரே சொல்: "அக்ளி." நான் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டேன். நூலகப் புத்தகம் என்பதால் பிறகு அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் துறையிலிருந்து கிழக்கே பட்டினத்துக்குத் திரும்புவது, செவ்வாய் படகை ஒப்படைப்பது, புதன் ரொறொன்ரோ வருவது. இதுதான் உன் திட்டம். எங்களுக்குத் திங்கள் விடிந்து அம்மா தேத்தண்ணி போடும் நேரம் நீ எடுத்தாய். அம்மா குசினியில், நான் அறையில். மூன்று பேரும் பேசியது மூன்று பேருக்கும் கேட்டது. இதை நீ மறக்கக்கூடாது.

"அம்மா, இண்டைக்கு வெளிக்கிட்டுத் திரும்புறம்," என்றாய்.

"எந்தப் பக்கமாய் மோனை வரவேணும்?"

"ஈஸ்ற். கிழக்கை."

குசினிச் சுவரில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்குகிறது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம் நிற்கும், அந்தத் திசையில் பயணம் போகக்கூடாது என்பது அம்மாவின் நம்பிக்கை. தாள் புரளும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஐயோ, திங்கள் கிழக்கை சூலமெல்லோ. கலியாண வீட்டை வைச்சுக்கொண்டு, கடலிலை, சூலத்துக்கு நேரை போறதோ? வேண்டாம் மோனை."

"அப்ப மேற்கை போகலாமோ?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். பத்தொன்பதாம் மாடி ஜன்னலில் கேட்ட குரல்.

"மேற்கை பிழையில்லை. ஆனா என்னத்துக்கு மேற்கை?"

"பக்கத்திலை ஒரு லகூன் இருக்கம்மா. தண்ணி பச்சைநீலம். ஒரு நாள் நிண்டிட்டு நாளைக்கு வாறம்."

நான் குறுக்கே விழுந்தேன். "தம்பி, அந்தக் குடாவுக்கு றோட் இல்லை. ரெலிபோனும் இல்லை. வாடை எழும்பினா முனையைச் சுத்தி வரேலாது. நிக்கிற இடத்திலை நில்."

"ஃபோர்காஸ்ற் ஓகே அப்பா. டோன்ற் வொறி. அம்மாதானே சொல்லுறா."

அப்போதுதான் அம்மா சொன்னார். நன்றாகக் கவனி, இந்தக் கடிதத்தின் மிச்சமெல்லாம் இதில்தான் நிற்கிறது. "இல்லை மோனை, அவசரமெண்டாக் கிழக்கையே போ. வெளிக்கிட முதல் ஒரு வாய் தயிர் சாப்பிட்டிட்டுப் போ. கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். பிறகு ஒரு தோஷமுமில்லை."

"ஓம், ஓம்," என்றாய். "கார்ட் முடியுது," என்றாய். வைத்துவிட்டாய்.

இருபத்தாறு வயதில் நீ அம்மாவின் கலண்டருக்குக் கீழ்ப்படிந்த முதல் நாள் அது. கார் ஓட்டும் சோதனைக்கு ராகு காலத்தில் போனாய். வேலைக்கு நேர்முகம் அட்டமியில். தனி வீடு பார்த்துப் போனது செவ்வாய்க்கிழமை. அம்மா ஏதாவது சொன்னால், "ராகுவுக்கு இஞ்சத்தைக் குளிருக்கு ஜக்கெற் இருக்கோ அம்மா?" என்று கேட்டுச் சிரிப்பாய். அப்படிப்பட்ட உனக்கு, சூலம் நீ போக விரும்பாத பக்கம் நின்ற அன்றைக்குப் பக்தி வந்துவிட்டது. அதுவும் பாதிப் பக்தி. நீ நின்றது கிரேக்க நாட்டில். ஆட்டுத் தயிர், செம்மறித் தயிர், தேன் விட்ட தயிர் என்று தயிருக்கே பேர்போன நாடு. பரிகாரம் தேடி அலையவேண்டிய தேவை இருக்கவில்லை. உன் மூன்றாவது படத்தில் மீன்பிடித் துறை தெரிகிறது, உனக்குப் பின்னால் ரயர்கள் தொங்குகின்றன, உன் கையில் ஒரு கோப்பை தயிர். பின்புறத்தில், "லகூனுக்கு வெளிக்கிட முதல்" என்று எழுதியிருக்கிறாய். பரிகாரத்தையும் முடித்துக்கொண்டுதான் மேற்கே போயிருக்கிறாய்.

வாடை திங்கள் இரவே இறங்கியது. புதன்கிழமை நாங்கள் விமான நிலையத்தில் நின்று வெறுங்கையோடு திரும்பினோம். வியாழன் படகை வாடகைக்குக் கொடுத்த கந்தோரிலிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்து, அவர்கள் பாதுகாப்பாகவும் சௌகரியமாகவும் இருக்கிறார்கள், காற்று அடங்கியதும் வருவார்கள் என்றார். அம்மா, "என்னவாம், என்னவாம்?" என்று என் கையைப் பிடித்து ஆட்டினார். "சுகமாய் இருக்கினமாம்," என்று மொழிபெயர்த்தேன். நீ பின்னால் ரெலிபோனில் சொன்னாய்: "காத்துக்கு நான் என்னப்பா செய்யிறது?" நியாயமான கேள்வி. காற்றை நான் குற்றம் சொல்லவில்லை. அது புத்தகத்தில் எழுதியிருந்தபடியே நடந்துகொண்டது.

அந்தக் குடாவுக்கு வீதிதான் இல்லை, பாதை இருக்கிறது. மலைமுதுகால் ஓர் ஆட்டுப்பாதை, அரை நாள் நடந்தால் ஊர். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. உன்னோடு வந்த மார்க் என்ற பிள்ளை செவ்வாய்க்கிழமை ஒரு தண்ணீர்ப் போத்தலோடு அந்தப் பாதையால் நடந்து, பஸ் பிடித்து, விமானம் பிடித்து வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு மீட்டிங். சனிக்கிழமை கலியாணத்துக்கும் வந்தார், நீ அழைத்திருந்தாயே. காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலில் முள்ளுக் கீறல்களைக் காட்டினார். "அங்கிள், நான் அவனையும் கூப்பிட்டேன், தான் ஸ்கிப்பர், படகை விட்டு வரமுடியாது என்றான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். மற்ற இரண்டு பேருக்கும் படகு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். "ஓ, அவனைவிட நன்றாக," என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்குச் சொதி விட்டுக்கொண்டார். மார்க்குக்கு மீட்டிங் இருந்தது. உனக்குத் தங்கச்சியின் கலியாணம் இருந்தது. நடந்தவர் மார்க்.

மண்டப வாசலில் என்ன நடந்தது என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேளாமலே சொல்கிறேன். மேளம் அடிக்கிறது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி நிற்கிறார். செம்பு இருக்கிறது, தாம்பாளம் இருக்கிறது. ஐயர் சுற்றிப் பார்க்கிறார்.

"தோழன் எங்கை?"

"வரேல்லை ஐயா," என்றேன்.

"வரேல்லையெண்டா? ஆள் எங்கை?"

"கடலிலை."

ஐயரின் முகம் மாறிவிட்டது. என் தோளில் கை வைத்தார். எங்கள் சனத்தில் கடலில் என்று சொன்னால் அதற்கு மேலே யாரும் விளக்கம் கேட்பதில்லை. "இல்லை ஐயா, அப்பிடி ஒண்டுமில்லை. சுகமாய் நிக்கிறான். உல்லாசப் படகிலை," என்று நான் திருத்தவேண்டியதாயிற்று. அவர் கையை எடுத்துவிட்டார். மானம் கப்பலேறும் என்று சொல்வார்கள். எங்களுடையது ஏறி, நங்கூரமும் போட்டுவிட்டது.

மாப்பிள்ளையின் தாயார் மணிக்கூட்டைப் பார்த்தார். முகூர்த்தம் போகிறது. ஐயர் அங்குமிங்கும் பார்த்து, கமராவோடு நின்ற வீடியோக்காரரைக் கூப்பிட்டார். அவர் காலையிலிருந்து வதனியை, "தங்கச்சி, இஞ்சாலை பாருங்கோ, தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ," என்று படுத்திக்கொண்டிருந்தவர்.

"நீர் பொம்பிளையை என்னெண்டு கூப்பிடுறனீர்?"

"தங்கச்சி எண்டுதான் ஐயா. எல்லாப் பொம்பிளையளையும் அப்பிடித்தான்."

"போதும். வேட்டியும் கட்டியிருக்கிறீர். செம்பை எடும்."

அவர் கமராவைப் பக்கத்திலிருந்த கதிரையில் வைத்துவிட்டு வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. குனிந்து, இரண்டு கால்களையும் பக்குவமாகக் கழுவித் துடைத்தார். மோதிரத்தைப் பிறகு என்னிடம் திருப்பித் தர வந்தார், போட்டது போட்டதுதான் என்று மாப்பிள்ளையின் தாயார் மறித்துவிட்டார். மாப்பிள்ளையை அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது உள்ளே வதனி எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

இவ்வளவுக்கும் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நன்றாகக் கறுத்திருந்தாய். அம்மா உனக்கு இடியப்பம் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று, "என்னாலைதான் மோனை. நான்தான் உன்னை மறிச்சனான். சூலம் கீலம் எண்டு சொல்லாமல் விட்டிருந்தா நீ வந்திருப்பாய்," என்று அழுதார். நீ வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "இற்ஸ் ஓகே அம்மா," என்றாய். "நோ பிராப்ளம்," என்றாய். நான் எதிரில் இருந்தேன். நீ அம்மாவை மன்னித்ததை என் கண்ணால் கண்டேன். பெருந்தன்மையாக மன்னித்தாய், இன்னும் கொஞ்சம் சொதியும் கேட்டாய்.

அதன்பிறகு அம்மா வதனிக்கும் எடுத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கோயிலில் கண்டவர்களிடமெல்லாம், "என்ரை விசர்க் கதையாலைதான் பிள்ளை வரேல்லை," என்கிறார். குசினிக் கலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார். எனக்கு அந்தச் சூலத்தில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை, ஆனாலும் கலண்டரை எடுத்துத் துடைத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். "நீர் தயிர் எண்டு சொன்னனீர், நான் என்ரை காதாலை கேட்டனான்," என்று அம்மாவிடம் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, சும்மா இருங்கோ," என்கிறார். முப்பது வருடம் ஆறுதல் சொல்லாமல் இருந்ததன் பலன், இப்போது உண்மையைச் சொன்னாலும் ஆறுதல் என்று நினைக்கிறார். ஆகவே இது என்னால் முடியாது. ரெலிபோனின் மறுபக்கத்தில் நின்றவன் நீ.

நீ ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு பார்ப்பதாக வதனி சொன்னாள். பின்வளவில் குளம் தெரியுமாம். தெரியட்டும். குளத்தைப் பார்த்துவிட்டு, பஸ் எங்கே நிற்கும் என்றும் ஒருமுறை கேள். அம்மா கார் ஓட்டமாட்டார். அழகான இடத்தில் நிற்காதே என்று நான் சொல்லவில்லை. உன்னை ஒருவர் ஒரு வாசலில் எதிர்பார்த்து நிற்கும் வாரத்தில், அங்கிருந்து எப்படி வெளிக்கிடுவது என்று தெரியாத இடத்தில் நங்கூரத்தைப் போடாதே. போட்டாயென்றால், நட. நடக்க விருப்பமில்லையென்றால், விருப்பமில்லை என்று சொல். காற்றையும் அம்மாவையும் இழுக்காதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை வா. குசினியில் அம்மாவுக்கு முன்னால் நின்று சொல்: நீங்கள் தயிர் என்று சொன்னீர்கள், நான் கேட்டேன், சாப்பிட்டேன், பிறகு எனக்கு விருப்பமான பக்கம் போனேன். இதே ஒழுங்கில் சொல். தயிர்ப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அதையும் கொண்டு வா, நான் காட்டினால் நம்பமாட்டார், நீ காட்டினால் நம்புவார்.

வதனி சொன்னபடியால் கலியாண வீடியோவின் கொப்பி ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவது தெளிவாக இருக்கிறது. அதன்பிறகு கொஞ்ச நேரம் மண்டபத்துக் கம்பளமும் பக்கத்துக் கதிரையின் இரண்டு கால்களும் தெரிகின்றன, மேளச் சத்தம் கேட்கிறது. அடுத்தது மணவறை.